சட்டத்தை அறுத்தவர்கள்: ஒற்றை ஷாக்கின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் அசைய இடமின்றிச் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்த காலம் நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பெரும்பாலான வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இருந்த சுருள்வில்தான் பின்புறத்தின் ஒரே தாங்கல். அது ஓட்டுபவரின் முதுகைக் காத்ததே தவிர, சக்கரம் சாலையை விட்டு எழும்புவதைத் தடுக்கவில்லை. காயலான் கடையில் வாங்கிய ஷாக் (வில்லோடு கூடிய அதிர்வுத் தாங்கி) ஒன்றைக் கொண்டு பழைய வண்டியின் இரட்டை ஷாக் அமைப்பை ஒற்றை ஷாக்காக மாற்றும் இன்றைய பட்டறை வழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. ஏனெனில் பின்சக்கரத் தாங்கலின் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் சில, பெரிய ஆலைகளின் வரைபட அறைகளுக்கு வெளியே, பிற வாகனங்களின் பாகங்களை எடுத்துச் சட்டத்தை அறுத்து ஒட்டியவர்களின் கைகளில் நிகழ்ந்தவை.

அவ்வகையில் தலைசிறந்த சான்று பெல்ஃபாஸ்ட் நகரின் ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ். 1940களின் முற்பாதியில் அவர் தாமே உருவாக்கிய வண்டியில் ஸ்விங் ஆர்ம் ஒன்றை, அதாவது ஒரு முனை சட்டத்தில் போல்ட்டைச் சுற்றி அசைய, மறுமுனை சக்கரத்தின் அச்சைத் தாங்கும் கவை வடிவ எஃகுக் கையைப் பொருத்தி, அதன் இருபுறமும் சிட்ரோயன் காரிலிருந்து எடுத்த ஷாக்குகளைச் செங்குத்தாக நிறுத்தினார். அது நன்றாக ஓடியதால், தாங்கலற்ற பழைய சட்டங்களில் பொருத்தும் மாற்றுத் தொகுதியாகவும் பின்னர் விற்கப்பட்டது. அதே அனுபவத்திலிருந்து அவர் நார்ட்டன் நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘ஃபெதர்பெட்’ சட்டத்தில்தான் 1950இல் ஜெஃப் டியூக் மான் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். அடுத்த கால் நூற்றாண்டுக்கு உலகின் பெரும்பாலான வண்டிகள் ஏற்ற இரட்டை ஷாக் வடிவத்தின் தொடக்கத்தில் ஒரு காரின் பாகம் இருந்தது என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

ஒற்றை ஷாக்கின் கருத்து இதற்கும் முந்தியது. 1928இல் பிலிப் வின்சென்ட், முக்கோணமாகப் பிணைத்த பின்கவையின் மேல்முனையை இருக்கைக்கு அடியில் கிடைமட்டமாக வைத்த சுருள்வில்கள் தாங்கும்படி அமைத்தார். 1954இல் வந்த, அவரது வின்சென்ட் நிறுவனத்தின் டி வரிசை வண்டிகளில் அவ்விடத்தில் ஒரே ஷாக் இடம்பெற்றது. மறுஆண்டே அந்நிறுவனம் மோட்டார் சைக்கிள் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இக்கருத்து ஏறக்குறைய கைவிடப்பட்டது. அதற்கு மறுவாழ்வு தந்தவர் பெல்ஜியப் பொறியாளர் லூசியான் டில்கென்ஸ். மேடுபள்ளமான மண்பாதையில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயங்களில், வில்லின் துள்ளலை அடக்கும் எண்ணெய் இரட்டை ஷாக்குகளுக்குள் சூடேறி வலுவிழப்பது பெருங்குறையாக இருந்தது. டில்கென்ஸ் நீளமான ஒரே ஷாக்கைப் பெட்ரோல் டாங்குக்கு அடியில் படுக்கவைத்து, சக்கரத்துக்கு அதிக அசைவைத் தந்தார். அவரது வடிவமைப்பை யமஹா வாங்கியது. 1973இல் ஹோகன் ஆண்டர்சன் அவ்வகை வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் கவாசாகி, சுசுகி, ஹோண்டா ஆகியவை இணைப்புக் கைகள் சேர்த்த தத்தம் வடிவங்களைக் கொண்டுவந்தன. 1980களில் அவை சாலை வண்டிகளுக்கும் பரவின.

விபத்தில் நொறுங்கிய புதிய வண்டிகளின் ஸ்விங் ஆர்மும் ஷாக்கும் பழைய பாகக் கடைகளுக்கு வரத் தொடங்கியதும் மாற்று வேலையும் பெருகியது. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் பின்பகுதியைப் அதே நிறுவனத்தின் பழைய கட்டானா வண்டியில் ஏற்றுவது ஐரோப்பியப் பட்டறைகளில் பழகிய வேலையாயிற்று. இந்தியாவில் இதற்கு வழி திறந்தது தாமதமாகத்தான்: 2004இல் ஹோண்டா யூனிகார்னும், 2008இல் யமஹாவின் ஆர்15, எஃப்இசட் வண்டிகளும் ஒற்றை ஷாக்கோடு சாலைக்கு வந்தன. அவை பழுதாகிச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளை அடைந்த பிறகு, ஆர்எக்ஸ்100க்கும் புல்லட்டுக்கும் தேவையான பாகம் கைக்கெட்டும் விலையில் கிடைத்தது.

பாகம் கிடைப்பது வேலையின் சிறுபகுதியே. அயல் வண்டியின் ஸ்விங் ஆர்ம் சட்டத்தின் அகலத்துக்குப் பொருந்தாதபோது, லேத்தில் புஷ் கடைந்து போல்ட்டின் தடிமனைச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நின்று செயின் பக்கவாட்டில் இழுக்காதபடி வாஷர் கனத்தைக் கணக்கிட வேண்டும். இவை கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். கண்ணுக்குத் தெரியாதது விசைக்கணக்கு. பாக்குவெட்டியில் கீலுக்கு அருகே வைத்த பாக்கின்மீது கையின் விசை பெருகுவதுபோல, ஸ்விங் ஆர்மின் சுழல்போல்ட்டுக்கு அருகே வைக்கும் ஷாக்கின்மீது சக்கரத்தின் விசை பெருகுகிறது. இரட்டை ஷாக்குகள் அச்சுக்கு அருகே நிற்பதால், சக்கரம் 100 கிலோ விசையோடு மேலே தள்ளும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோவைத் தாங்கினால் போதும். சக்கரம் 100 மில்லிமீட்டர் எழும்போது 50 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் ஒற்றை ஷாக்கோ, அதே விசைக்கு 200 கிலோவைத் தாங்கி, அதை அப்படியே சட்டத்தின் ஒரே புள்ளியில் இறக்கும். வில்லின் விறைப்பும் இருமடங்கு ஆனால் போதாது. முன்பு இரு வில்களும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்புடையவையாக இருந்திருந்தால், புதிய வில்லுக்கு அதன் நான்கு மடங்கான 120 நியூட்டன் விறைப்பு வேண்டும். பழைய சட்டத்தின் நடுக்குழாய் இத்தகைய விசைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. முட்டுத் தகடு வைக்காமல் வெறும் குழாயில் பற்றவைத்த தாங்கி, பற்றவைப்பின் ஓரத்திலேயே விரிசல் விடத் தொடங்கும். தோற்றத்துக்காக மட்டும் இம்மாற்றத்தைச் செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் இக்கணக்கைத்தான் விட்டுவிடுகின்றன. அது ஓட்டுபவரின் உயிரோடு தொடர்புடைய தவறு.

இத்தகைய மாற்றத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. 1996இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ்100 போன்ற வண்டிகளின் மூலச் சட்டகங்கள் அரிதாகிவிட்ட நிலையில், கைதேர்ந்த சிலர் பழைய ஷாக் தாங்கிகளை அறுக்காமல் விட்டு, புதிய தாங்கியைப் போல்ட்டால் இறுக்கி அமைக்கின்றனர். அவ்வாறு செய்த வண்டியை ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப ஸ்பேனர் மட்டுமே போதுமானது.