பிள்ளைகள் கையில் பஞ்சதந்திரம்



பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுப்பது? தோட்டத்துப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. சம்பளம் வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போகும் தகப்பனார் பயிற்சிப் புத்தகம் வாங்குவார், எழுதுகோல் வாங்குவார். கதைப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். "இது பரீட்சையில் வராதே!" என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று மலாக்காவின் பழைய வரலாற்றைக் கொண்டே இன்று பார்ப்போம்.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து தொடங்குவோம். மலாக்காப் பட்டணத்துக்கு வடமேற்கே கடலோரத்தில் இருக்கும் ஊர் அது. பெயரிலுள்ள 'கிளிங்' பறவையைக் குறிப்பதன்று. தென்னிந்தியரை மலாய் மக்கள் அக்காலத்தில் 'கெலிங்' என்று அழைத்தார்கள்; கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் என்பர். இன்று ஒருவரை அப்படி அழைப்பது இழிவாகக் கருதப்படுகிறது. ஊர்ப்பெயரிலோ அது பழைய வணிகர்களின் நினைவாக நின்றுவிட்டது. ஹங் துவாவின் கல்லறை என்று மக்கள் போற்றும் இடமும் இவ்வூரில்தான் இருக்கிறது. அவ்வீரன் இளமையில் கெலிங் மொழி பயின்றதாகவும், பின்னாளில் விஜயநகரத்துக்குத் தூது சென்றதாகவும் ஹங் துவா காவியம் சொல்கிறது. அது காவியம். நாம் சொல்லப்போவது நடந்த வரலாறு.

1796-ஆம் ஆண்டு மலாக்காவில், கம்போங் பாலி என்ற இடத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்துல்லா பின் அப்துல் காதிர் என்பது பெயர். இவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அராபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணம் புரிந்துகொண்டவர். அவர் மகன் ஒருவர் மலாக்காவுக்கு வந்து குடும்பம் அமைத்தார். அப்துல்லாவின் தந்தை மிகக் கண்டிப்பானவர். பையன் எழுத்தும் ஓதலும் பழகிய பிறகு, தமிழ் படிக்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். ஏன் தமிழ்? அப்போது மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் தமிழ் வேண்டும். ஆகவே நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கமாகவே இருந்தது. இதை அப்துல்லாவே தம் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். தமிழ் சோறு போடுமா என்று கேட்பவர்கள், இந்த ஊரில் அது சோறு போட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை அறிவது நல்லது.

கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அப்துல்லா மலாய் சொல்லிக் கொடுத்தார். 'முன்ஷி', அதாவது ஆசிரியர், என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததே. பிறகு மலாக்காவுக்கு வந்த கிறித்துவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார். 1835-ஆம் ஆண்டில், தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு, பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் மொழிபெயர்த்தார். சிறு வயதில் கணக்கு எழுதுவதற்காகக் கற்ற மொழி, நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு கதைநூலை மலாய் மக்களுக்குக் கொண்டுவந்தது. தகப்பனார் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்!

பஞ்சதந்திரம் அப்போதே உலகம் சுற்றிவந்த நூல். மூடர்களாக இருந்த மூன்று அரசகுமாரர்களை ஆறே மாதத்தில் அறிவாளிகளாக்குவேன் என்று விஷ்ணுசர்மா என்ற முதியவர் வாக்களித்து, கதை சொல்லியே சாதித்தார் என்று நூல் தொடங்குகிறது. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்காகவே பிறந்த நூல் என்று சொல்லலாம். ஆறாம் நூற்றாண்டில் அது பாரசீகம் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் தாண்டவராய முதலியார் உரைநடையில் எழுதிய பஞ்சதந்திரம் 1826-இல் அச்சாயிற்று.

இந்த வரலாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்போது எட்டியது? மலாக்காவில் 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் பால்மரக் காட்டுக்கு வந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, கதைப் புத்தகம் வரவில்லை. பஞ்சதந்திரம் லயத்துக்குள் வந்தது பாட்டிமார்களின் வாய்வழியாகத்தான். அச்சில் வந்த கதைகள் பிற்பாடு கிடைத்தன: 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா', குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றம் என்று. நம் நாட்டிலேயே, கேரித்தீவில் பிறந்த முரசு நெடுமாறன் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். அம்புலிமாமா நின்றுவிட்டது, அந்தப் பாட்டிமார்களும் இல்லை. தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வாய்வழிக் கதை நின்ற வீட்டில் புத்தகமும் இல்லையென்றால், பிள்ளைக்குக் கதை எங்கிருந்து வரும்?

ஆகவே முதலில் வாங்கத்தக்கது பஞ்சதந்திரம் என்பது நம் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். முதல் பகுதியில், நட்பாயிருந்த சிங்கத்தையும் எருதையும் நரி கோள்மூட்டிப் பிரிக்கிறது. எருது சாகிறது, நரி தப்பித்துக்கொள்கிறது. இது அரபுமொழியில் எழுதிய இப்னுல் முகஃபாவுக்கே உறுத்தியிருக்க வேண்டும். நரியை விசாரித்துத் தண்டிப்பதாக ஒரு பகுதியை அவர் கூட்டிவிட்டார். இக்கதையைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை படிக்கட்டும். நரி செய்தது சரியா என்று வீட்டில் வாதம் நடக்கட்டும். கீரிப்பிள்ளைக் கதையும் அப்படியே. தொட்டிலில் பிள்ளையை விட்டுப்போன தாய், பாம்பைக் கொன்று பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாக எண்ணிக் கொன்றுவிடுகிறாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய நம் தாய்மார்கள் இக்கதையைக் கேட்டால் கலங்கிப்போவார்கள். சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

சின்னவர்களுக்குக் காகம், எலி, ஆமை, மான் ஆகிய நான்கு நண்பர்களின் கதையே ஏற்றது. அடுத்தது குரங்கும் முதலையும். முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடந்த சாங் கான்சிலைப் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் அறிவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் தாங்களே ஒப்பிட்டுப் பேசுவார்கள். ஒரே கதையைத் தமிழிலும் மலாயிலும் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியும் சேர்ந்தே வரும்.

புத்தகத்தில் எழுத்து பெரிதாக இருக்கிறதா, வாக்கியம் குறுகியதாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத தாயும் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையைப் படிக்கச் சொல்லி, சமையல் செய்தபடியே கேட்கலாம். வேடன் வலையில் மான் சிக்கிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அப்புறம் எலி என்ன செய்திருக்கும்?" என்று கேளுங்கள். மீதியை நாளை இரவு படிக்கட்டும்.