கண்ணூறும் கசாயமும்: ஜாவாவிலிருந்து கண்டி வரை



பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் நம் மூத்தம்மாமார் முதலில் கேட்பது, "யாருட கண் பட்டிச்சோ?" என்றுதான். பிறகுதான் பனடோல். ஓதிய தண்ணீரும் கறுப்பு நூலும் இஸ்மும் கண்டியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் இன்றும் இருக்கின்றன. இவை எங்கிருந்து வந்தன என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நாங்களும் தேடிப் பார்த்தோம்.

அரபு நாட்டிலிருந்தும் காயல்பட்டினம் பக்கமிருந்தும் வந்தவை உண்டு. சிங்கள அயலவர்களோடு பழகியதில் சேர்ந்தவையும் உண்டு. நாம் அதிகம் பேசாத இன்னொரு வழி ஜாவா.

ஒல்லாந்தர் தங்களை எதிர்த்தவர்களை அந்தத் தீவுகளிலிருந்து இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். மக்காசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப் 1684இல் வந்தார். 1694இல் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்படும் வரை இங்கேயே கிதாபுகள் எழுதினார். 1708இல் ஜாவா அரசர் மூன்றாம் அமங்குராட் நாடு கடத்தப்பட்டார். படைவீரர்களும் வந்தார்கள். 1803 கண்டிச் சண்டையில் ஆங்கிலேயர் பக்கத்திலும் மலாய்க்காரர் நின்றார்கள், அரசன் பக்கத்திலும் நின்றார்கள். இவர்களின் வாரிசுகள்தான் இன்று நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்கும் மலாய்ச் சகோதரர்கள்.

ஜாவாவில் நாட்டு வைத்தியரை 'டுக்குன்' என்பார்கள். உடம்பு குளிர்ந்து வலித்தால் 'காற்று உள்ளே போய்விட்டது' என்று எண்ணெய் தடவி, முதுகு சிவக்கும் வரை காசால் தேய்ப்பார்கள். பொழுதுபட்ட நேரத்தில் பிள்ளை பயந்து காய்ச்சல் கண்டால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று தீண்டியது என்பார்கள். நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இல்லையா? ஆனால் ஓதுவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மஞ்சள், இஞ்சி, புளி சேர்த்த 'ஜமு' என்ற கசாயமும் கூடவே இருந்தது. அந்த ஜமு மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்திலும் அப்படித்தான். கேகாலைப் பக்கம் கட்டபெரியவைச் சேர்ந்த கோபால பரம்பரை முஸ்லிம் வைத்தியர்கள் கண்டி அரசர்களுக்கே மருந்து கொடுத்தவர்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்? சில வருடங்களுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்திக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. வீட்டார் ஜின் என்று நம்பி மாதக்கணக்கில் இஸ்முக்காரரிடம் அலைந்தார்கள். ஒருநாள் அடுப்படியில் விழுந்து கை வெந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்று தினமும் மாத்திரை எடுக்கிறாள், படிக்கிறாள். கையில் தழும்பு மட்டும் மிச்சம். அவளுடைய உம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்த நேரத்தில் நாங்களும் வாய் திறந்து சொல்லவில்லை.

துஆ நம் கையை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் மருந்து தேடுவதும் நபிவழிதான். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. மலாய் வீடுகளில் 'குண்டுல்' எழுத்திலும், நம் வீடுகளில் அரபுத் தமிழிலும் எழுதிய பழைய ஏடுகள் பெட்டிகளில் கிடக்கின்றன. கறையான் தின்னும் முன், ஆற்றில் விடும் முன், ஒரு படமாவது எடுத்து வையுங்கள். அதிலே நம் மூத்தவர்களின் பயமும் இருக்கும், மருந்தும் இருக்கும்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.