செவிலியர் பணியில் சான்றும் கீழ்ப்படிதலும்

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக்கு வருவோர், பாறையினின்று வீழும் இராம தீர்த்தத்தில் நீராடினால் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையோடு வருகின்றனர். அதே அரூர் வட்டாரத்தில், தெற்கே கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1993-ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும் அங்கு ஓலைக் குடிசையொன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டது. பின்னர் அவ்வெண் இருபதளவுக்குத் தாழ்ந்தது. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றப்பட்டு, குழந்தைகளை எடைபோட்டு, கருவுற்ற தாய்மாரை வீடுதோறும் கண்டு வந்தமை இம்மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது. பட்டம் பெறாத இப்பெண்கள் செய்த பணிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீண்ட ஆராய்ச்சி வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் செவிலியரின் இடம் யாது என்பதே நமது வினா.

விளக்கேந்திய மங்கையாகவே நாம் அறிந்துள்ள பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கணக்கேந்திய மங்கையுமாவார். 1854-இல் அவர் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற பின்னரும் அந்த முதற் குளிர்காலத்தில் போர்வீரர்கள் பெருந்தொகையாய் மாண்டனர். 1855-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் துப்புரவாக்கிய பின்னரே சாவு குறைந்தது. போர் முடிந்து தாயகம் திரும்பியபின், வில்லியம் பார் என்னும் புள்ளியியலாளரோடு அமர்ந்து எண்களை ஆராய்ந்தபோதுதான் இவ்வுண்மையின் முழு அளவு அவருக்குப் புலனாயிற்று. தம் கண்ணெதிரே நடந்ததையே எண்கள் வாயிலாக மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதனினும் நம்மை ஈர்ப்பது அதிகம் பேசப்படாத பிறிதொரு நிகழ்ச்சி. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவர்தம் நிதியால் மருத்துவச்சியர் பயிற்சிக்கெனப் பேறுகால விடுதியொன்று நடைபெற்றது. பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறந்ததைக் கண்டு 1867-இல் அது மூடப்பட்டது. அம்மையார் அத்துடன் விடவில்லை. பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டி, எளிய வீடுகளிற் பிள்ளை பெற்றோரைவிட விடுதிகளிற் பெற்றோரே மிகுதியாக இறந்தனர் என்று 1871-இல் நூலாக வெளியிட்டார். தாம் தொடங்கிய பணியே உயிருக்குத் தீங்காயிற்று என்பதை மறைக்காமல் எழுதிய இத்துணிவு, அறநிலையங்களை நடத்துவோரிடம் நாம் எளிதிற் காணாதது.

நம் நாட்டுக்கு அவருடைய பயிற்சிமுறை வந்தது. கணக்கேடு அதே விரைவில் வரவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் ஏற்பட்டது. மிஷன் மருத்துவமனைகள் சாதிக்கட்டுகளையும் வீட்டு வாசலையும் தாண்டி எத்தனையோ பெண்களுக்குத் தொழிலும் மதிப்பும் அளித்தமை மறக்கத்தக்கதன்று. ஆயினும் அங்கு வளர்ந்த ஒழுக்கநெறியில் கீழ்ப்படிதலே தலையாய பண்பாக வைக்கப்பட்டது. மருத்துவரிடம் கேள்வி கேட்பது பணிவின்மை. தலைமைச் செவிலியரிடம் கேட்பது அதனினும் பெரிய பிழை. ஊழியம் என்னும் சொல்லால் நாம் இதற்குத் திருநிறமும் பூசிவிட்டோம். பிரசவத்துக்கு முன் தாய்மார் அனைவருக்கும் எனிமா கொடுப்பதும் மழிப்பதும் எத்தனை ஆண்டுகள் தவறாத சடங்காக நடந்தன! எல்லாருக்கும் அவ்வாறு செய்வதால் நோய்த்தொற்று குறைவதில்லை என்று தொகுப்பாய்வுகள் காட்டிய பின்னரும் அவை உடனே நிற்கவில்லை. அறிந்த செவிலியர் இருந்தனர். நிறுத்தும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை.

அதிகாரம் கைமாறினால் என்ன நேரும் என்பதற்கு 1971 சான்று பகரும். வங்கத்து அகதிகள் எல்லை கடந்து வந்த பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்து போயிற்று. மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு ஆகியவற்றைப் பொட்டலமாக்கி, நீரிற் கரைத்து, நோயாளியின் உறவினரிடமே குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவாயிருந்த சாவு நான்குக்கும் கீழாயிற்று. ஆய்வுக்கூடத்தில் முன்னரே மெய்ப்பிக்கப்பட்டதைத் தாயொருத்தி தன் மடியிற் செய்து காட்டினாள். ஆனால் இன்றும் நம் ஊர்களில் ‘பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம்’ என்ற எண்ணம் நீங்கவில்லை. தாகத்தோடு கிடக்கும் குழந்தையின் அருகே குவளையும் கரண்டியுமாக ஒரு மணிநேரம் அமர்ந்திருக்கும் செவிலியை யாரும் பெரிய வைத்தியராக மதிப்பதில்லை. சிட்லிங்கியின் குழந்தைகளைக் காக்க வேண்டியிருந்ததோ இத்தகைய பணியே.

சான்று என்றதும் வெளிநாட்டுத் தாளில் அச்சானதை அப்படியே ஏற்பது என்று கொள்ளலாகாது. குறைமாதத்தில் பிள்ளை பெறவிருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர் 1972-இல் காட்டினர். 1993-இல் தோன்றிய காக்ரேன் கூட்டமைப்பு இவ்வாய்வுகளின் தொகுப்பையே தன் சின்னமாகப் பொறித்துக்கொண்டது. இந்திய அரசும் 2014-இல் கிராமச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று வழிகாட்டியது. மறு ஆண்டே, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த பேராய்வொன்று, ஊர்ப்புறங்களில் இதைப் பரவலாக்கியபோது குழந்தைச் சாவு மிகுந்ததென்று அறிவித்தது. 2020-இல் மற்றோர் ஆய்வு, தக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் அதே வகை ஊசி உயிர்காக்கும் என்று காட்டிற்று.

இம்முரணை விளக்கும் காரணங்களுள் ஒன்று, கருவின் வயதைச் சரியாகக் கணித்தல். அது ஸ்கேன் இல்லாத இடத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: “கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய், அம்மா?” ஆங்கிலத் தேதி நினைவில்லாத தாய், ஆடி நோன்புக்கு முன்னா பின்னா என்று யோசித்துச் சொல்வாள். அவள் பேச்சறிந்து, பொறுமையோடு கேட்டு, நாளைக் கணிப்பவள் செவிலியே. நியூசிலாந்தின் ஆய்வு அரூர் வட்டாரத்துத் தாய்க்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பதில் அவளுக்குப் பங்குண்டு. மருத்துவக் குழுவில் ஆய்வு முடிவுகளை விவாதிக்கும் மேசையிலோ அவளுக்கு நாற்காலி இடுவது அரிது.

படிக்க வழியில்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. வேலூரிலேயே தெற்காசியாவுக்கான காக்ரேன் மையம் பணியாற்றியது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா செலுத்தி, காக்ரேன் நூலகத்தை நாட்டிலுள்ளோர் யாவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்தது. எனினும் இரவுப்பணியில் தனியொருத்தியாய் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் செவிலிக்கு, ஆங்கில ஆய்வேட்டைப் புரட்ட எந்த மணிநேரம் ஒதுக்கப்பட்டுள்ளது? சம்பளப் பட்டியலை வகுக்கும் நம் நிர்வாகக் குழுக்கள் இக்கேள்வியைக் கேட்டதாக நாம் அறியோம்.

அவள் எழுதுகிறாள், அதில் ஐயமில்லை. நான்கு மணிக்கொரு முறை காய்ச்சல் அளவு, நாடித்துடிப்பு, குடித்த நீர், கழித்த நீர், எவருடைய படுக்கைப்புண் எப்போது தோன்றிற்று என்பன எல்லாம் அவள் கையெழுத்தில் உள்ளன. அவற்றைக் கூட்டிப் பார்க்க அவளிடம் எவரும் சொல்வதில்லை. ஆண்டு முடிந்ததும் அக்குறிப்பேடுகள் சணற்கயிற்றால் கட்டப்பட்டுப் பழைய பொருள்கள் வைக்கும் அறைக்குப் போகின்றன.