லைக்கா எம்3: கையால் ஃபோகஸ் செய்தல்

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரிலிருந்து லைட்ஸ் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 35 மி.மீ. ஃபிலிம் கேமரா லைக்கா எம்3. 1932-இன் லைக்கா 2 முதல் தனித்தனியாக இருந்த ஃபோகஸ் துளையையும் காட்சித் துளையையும் இது ஒன்றாக்கியது.

இதில் காட்சி லென்ஸ் வழியாக வருவதில்லை. ஆகவே ஃபோகஸ் தவறினாலும் எல்லாம் தெளிவாகவே தெரியும்; புதிதாகப் பழகுபவர் ஏமாறும் இடம் இதுதான். கண் வைத்துப் பார்க்கும் காட்சிச் சாளரத்தின் நடுவே வெளிச்சமான சிறு செவ்வகம் ஒன்று இருக்கும். 68.5 மி.மீ. தள்ளியுள்ள இரண்டாவது சாளரத்தின் பிம்பம் அதில் விழுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்பக்கம் ஒரு சிறு உருளையைத் தள்ளி, அந்தப் பிம்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும். இரண்டாகத் தெரிந்த ஜன்னல் கம்பி ஒன்றானதும் ஃபோகஸ் சரி.

முகத்தைப் படமெடுக்கையில் வழவழப்பான கன்னத்தில் பிம்பங்களைப் பொருத்துவது கடினம். மூக்குக்கண்ணாடியின் ஓரம், காலர் மடிப்பு போன்ற கூர்மையான கோடுகளே உதவும். கிடைக்கோடுகள் மட்டும் இருந்தால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பொருத்திவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வளையத்தை முடிவிலியிலிருந்தே திருப்பிவந்தால், தூரம் விரலுக்குப் பழகிவிடும். தொடக்கத்தில் நல்ல வெயிலில், எஃப் 8-இல் பழகுவதே நல்லது. அப்போது சிறு ஃபோகஸ் பிழைகள் படத்தைக் கெடுக்காது.

லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் காட்சி தெரியும் என்பதால், எடுக்குமுன் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.