கடல் கடந்த கல்வி

1883ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள். வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்திலே, பதினெட்டு வயதும் நிரம்பாத மராட்டியப் பெண்மணியொருவர் சபையோர் முன் எழுந்து நின்றார். அவரே ஆனந்திபாய் ஜோஷி அம்மையார். வைத்தியம் கற்க அமெரிக்கா செல்வது ஏன் என்பதே அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

பதினான்காம் வயதிற் பெற்ற மகவு பத்து நாளில் மடிந்த துயரை அறிந்தவர் அவர். ஆண் வைத்தியரிடம் நோயை உரைக்க நாணி வருந்தும் மாதரையும் அறிந்தவர்.

உள்நாட்டிற் கற்றலாகாதா என்றனர் சிலர். சென்னை வைத்தியக் கல்லூரி 1875 முதல் மகளிரையும் ஏற்றுவந்தது. ஆயினும் இந்நாட்டில் மகளிர்க்குக் கிடைக்கும் பயிற்சி நிறைவற்றது என்பது அம்மையாரின் கருத்து. கடல் கடந்தால் சாதிவிலக்கு நேரும் என்றனர் வேறு சிலர். இந்துப் பெண்ணாகவே சென்று இந்துப் பெண்ணாகவே மீள்வதாக அவர் உறுதி கூறினார்.

அச்சொல்லை அவர் காத்தார். பிலடெல்பியாவின் கடுங்குளிரிலும் புடைவையையும் மரக்கறி உணவையும் விட்டாரில்லை. 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். காசநோயுடன் தாயகம் மீண்டார். கோலாப்பூர் ஆஸ்பத்திரியின் பெண்கள் பகுதி அவருக்காகக் காத்திருந்தது. அப்பொறுப்பை ஏற்குமுன்னரே, 1887 பெப்ரவரி 26ஆம் நாள், இருபத்தோராவது வயதிற் காலமானார்.

கற்றதைக் கையாள அவருக்கு நாளில்லை. ஆயினும், தன் நெறி வழுவாமலே இந்துப் பெண்ணொருத்தி கடல் கடந்து வைத்தியராகலாம் என்பதை அவர் நிலைநாட்டிச் சென்றார்.