அடிப்படை: ஒரு சொல்லும் அதன் பல பொருளும்

'அடிப்படை' என்னும் சொல்லை வழங்குவோர் பலர். அதனுள் அடங்கிய பொருளை நினைப்போர் சிலர். படை என்பது சேனையையும் ஆயுதத்தையும் மட்டுமன்றி அடுக்கையும் குறிக்கும். ஆதலின் அடிப்படையாவது அடியில் அமைந்த அடுக்கு. மாறும் பண்புகளைத் தாங்கி நிற்கும் பொருளைக் கிரேக்க ஞானி அரிஸ்தோத்தில் 'கீழே கிடப்பது' என்னும் சொல்லாற் சுட்டினார். பிற்கால இலத்தீன் தத்துவ நூல்கள் இதற்கு வழங்கிய சொற்களுள் ஒன்று 'சப்ஸ்திராத்தம்'; கீழே விரிக்கப்பட்டது என்பது அதன் பொருள். இவ்வெண்ணம் துறைதோறும் வெவ்வேறு பொருள் பெற்றது. அவ்வேறுபாட்டை அறியாதவழி வரலாறு பிழைபடும்.

முதலில் நம் மரபில் வழங்கும் 'அதிட்டானம்' என்னும் சொல்லை நோக்குக. கொழும்பு கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் திராவிடச் சிற்பமுறையில் அமைந்தது. அச்சிற்பமுறையில் உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை முதலிய உறுப்புக்களோடு சுவரைத் தாங்குவது அதிட்டானம். அத்துவித வேதாந்தத்திலோ, கயிற்றிற் பாம்பு தோன்றுமிடத்துக் கயிறே அதிட்டானம். கோயிலில் அடியும் மெய், அதன்மேல் எழும் விமானமும் மெய். வேதாந்த உவமையில் அடியிலுள்ளது மெய்; மேலே தோன்றுவது மயக்கம்.

நிலநூலில் இச்சொல் காலத்தைக் குறிக்கின்றது. படிவுகள் நிலை குலையாதிருப்பின் கீழுள்ளது முந்தியது என்னும் விதியை 1669ஆம் ஆண்டில் ஸ்டெனோ வெளியிட்டார். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணின் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் கிடக்கின்றது. அதன் வெடிப்புக்களிலே தேங்கும் மழைநீர் மேலே உள்ள தோட்டங்களை வாழ்விக்கின்றது. மன்னார்க் கடலிலே முத்துச்சிப்பி பற்றிக்கொள்ளும் பாறைத் தளங்களைப் 'பார்' என்பர். பாரை மணல் மூடினாற் சிப்பிகள் மாயும். உயிர்நூலில் அடிப்படை என்பது பற்றுக்கோடு.

தாங்குவது, மெய்யானது, முந்தியது, பற்றுக்கோடு என இவ்வாறு பொருள் நான்காயிற்று. இந்நான்கும் ஈழத்து வரலாற்றாராய்ச்சியிலே கலந்து மயங்குதல் உண்டு.

அநுராதபுரத்திலே 1969இல் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வில், அடியிலே கற்கருவி வழங்கிய மக்களின் எச்சங்கள் காணப்பட்டன. அவற்றின் மேலே ஆதி இரும்புக்காலக் குடியிருப்பு அமைந்திருந்தது. அக்காலத்துக்குரிய கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்துள்ளன. தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும் கிடைத்துள்ளன. இவை கடலின் இரு கரைக்கும் பொதுவானதொரு பண்பாட்டைக் காட்டுவன. ஆயினும் எழுத்தில்லாத மட்கலம் தன்னை வனைந்தவன் பேசிய மொழி இதுவெனக் கூறாது.

மொழிநூலார், ஒரு கூட்டத்தார் தம் மொழியைக் கைவிட்டுப் பிறமொழியை ஏற்குங்கால் பழைய மொழி புதியதில் விட்டுச்செல்லும் சுவட்டை அடிப்படை என்பர். சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. எனினும் அதன் பழைய மூச்சொலி மெய்கள் பேச்சில் மறைந்தன. தமிழில் 'என்' என்னும் வினையடியாகப் பிறந்த 'என்று' நிற்குமிடத்தில், சிங்களத்திலே 'சொல்லி' எனப் பொருள்படும் 'கியலா' நிற்கின்றது. இவை திராவிடத் தொடர்பின் விளைவு என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அஃது அடியிற் கிடந்த மொழியின் சுவடோ, நெடுங்கால அயலுறவின் பயனோ என்பது இன்றும் ஆராயப்படுகின்றது.

பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலிலே, இலங்கைத் தமிழரும் சிங்களவரும் பெரும்பாலும் இத்தீவின் தொல்குடிகளின் வழிவந்தோரே என்றும், மொழிமாற்றமே அவர்களை வேறுபடுத்தியது என்றும் வாதிட்டார். இக்கருத்து ஏற்கப்படின், இரு சாராரும் தோண்டித் தேடும் அடிப்படை ஒன்றேயாகும்.

'முந்தியது' என்பது நிலநூலார் பொருள். 'அதுவே மெய்' என்பது வேதாந்தியார் பொருள். முன்னதைச் சான்றாகக் காட்டிப் பின்னதை நிறுவ முயல்வோர், மேலடுக்கில் வாழ்வோரை அயலார் எனத் தள்ளுகின்றனர். அகழ்வுக்குழியின் சுவர் அதற்கு இடந்தருவதில்லை. கீழடுக்குக்கு உரிய மதிப்பு மேலடுக்குக்கும் உண்டு. இரண்டையும் அளந்து, வரைந்து, காத்தல் ஆராய்ச்சியாளன் கடமை. கீழுள்ளதை அடைதற்பொருட்டு மேலுள்ளதைப் பதிவின்றி அழிப்பவன் இரண்டையும் இழப்பான்.