ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும்: காலிக் கட்டத்தில் தொலையும் பெயர்

செம்பனைத் தோட்டம் இருந்த, மலேசியாவின் பினாங்கிலுள்ள பத்து காவானில் இன்று மின்னணு ஆலைகள் நிற்கின்றன. 2014-ல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பினாங்குப் பாலம் திறந்தது; 2023-ல் மைக்ரானின் புதிய ஆலை வந்தது. இப்படிப்பட்ட ஆலைகளின் பணியாளர் பட்டியலும் வருகைப் பதிவும் தரவுத்தளங்களில்தான் இருக்கும். உரிமக் கட்டணச் சுமையால் ஆரக்கிள் தரவுத்தளத்தை விட்டுக் கட்டணமில்லாத போஸ்ட்கிரெஸுக்கு மாறும் நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு.

இரண்டும் எஸ்க்யூஎல் மொழியில் இயங்குபவை. ஆரக்கிள் 1979-ல் சந்தைக்கு வந்தது. போஸ்ட்கிரெஸ் 1986-ல் பெர்க்கிலியில் தொடங்கிய பல்கலைக்கழக ஆய்வின் வழி வந்தது. ஆனால் காலியாக விட்ட கட்டத்தை இரண்டும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருவோர் சிலரின் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். ‘முருகன்’ என்று ஒரு கட்டத்தில் எழுதி, குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். ஆரக்கிள் அந்தக் காலியை ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று வைத்துக்கொள்ளும். இரு கட்டங்களையும் இரட்டைக் கோட்டுக் குறியால் (||) சேர்த்தாலும் ‘முருகன்’ என்றே வரும். அதே வரியைப் போஸ்ட்கிரெஸில் ஓட்டினால் விடை முழுவதும் ‘நல்’. சம்பளச் சீட்டில் ஆளின் பெயரே இருக்காது. வரிசை எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்துப்போவதால் பிழை கண்ணில் படாது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. மாற்றத்துக்குப் பின் சேரும் புதிய காலிகளை வெற்றுச் சரமாகப் பதிந்தால், போஸ்ட்கிரெஸ் அவற்றை ‘நல்’ ஆக்காது. ஒரே பத்தியில் இருவகைக் காலி தங்கி, தேடலில் சிலர் விடுபடுவார்கள்.

தமிழ் எழுத்திலும் ஆரக்கிள் கஞ்சம். யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘முருகன்’ 7 குறியீடு, 21 பைட். ஆரக்கிளின் இயல்பான பைட் கணக்கில் 20 அளவுள்ள கட்டத்தில் அது அடங்காது. குறியீடுகளை எண்ணும் போஸ்ட்கிரெஸில் தாராளமாக அடங்கும். தேதி விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஆரக்கிளின் ‘டேட்’ மணி, நிமிடம், நொடியையும் சுமக்கும். போஸ்ட்கிரெஸின் ‘டேட்’ நாளோடு நின்றுவிடும். எனவே இரவு ஷிஃப்ட் வருகைப் பதிவை, நேரமும் சேர்ந்த ‘டைம்ஸ்டாம்ப்’ ஆகத்தான் மாற்ற வேண்டும்.

செலவை நினைத்தால் போஸ்ட்கிரெஸுக்கு மாறுவது சரியே. ஆனால் மாற்றுமுன் ஒற்றைப் பெயர்க்காரர்களின் வரிசைகளைத் தனியே எடுத்துச் சோதியுங்கள். பெயர்களைச் சேர்க்க ‘நல்’லைப் பொருட்படுத்தாத ‘கான்கேட்’ செயற்கூறைப் பயன்படுத்துங்கள்.